வாயை மூடாத நரம்பு

கடைவாய்ப் பல் ஒன்றுக்குள் ஒரு நரம்பு இருந்தது. ஐஸ் மோர் பட்டால் போதும், கத்தித் தீர்த்துவிடும். அதை அடக்கத்தான் பல் கூச்சத்துக்கான பேஸ்ட் வந்தது.

"உன்னை மரத்துப் போக வைக்கச் சொல்லியிருக்காங்க. இனி சத்தம் வரக் கூடாது," என்றது பேஸ்ட்.

"நான் ஏன் கத்துறேன்னு யாராவது கேட்டீங்களா? இந்த பிரஷ் தினமும் அடிப்பிடிச்ச சட்டி மாதிரி தேய்க்குது. பல்லு தேஞ்சு பொடிப்பொடியா ஓட்டை விழுந்திருக்கு. குளிர் நேரா என் மேல விழுது."

"அழுத்தினாத்தான்டா சுத்தம்," என்றது பிரஷ்.

பேஸ்ட் எட்டிப் பார்த்தது. ஓட்டைகள் இருந்தன.

"சரி, ஓட்டையை அடைக்கிறேன். ரெண்டு வாரம் ஆகும்."

"அடை. என் வாயை மட்டும் அடைக்காதே."

ரெண்டு வாரத்தில் கூச்சம் போனது.

"பார்த்தியா, அடங்கிட்டே," என்று பிரஷ் முன்னைவிட அழுத்தித் தேய்த்தது.

"வலிக்கல, அதான் சும்மா இருக்கேன். உனக்குப் பயந்து இல்ல."

அதிலிருந்து நாலாம் நாள், அடைத்த ஓர் ஓட்டை திறந்துகொண்டது. கொப்பளித்த தண்ணீர் உள்ளே போனதும் நரம்பு மொத்த பலத்தோடு கத்தியது. பல்லுக்குச் சொந்தக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். அழுத்தி அழுத்தி அதன் நார்களெல்லாம் விரிந்துபோயிருந்தன. அதைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, மெத்தென்ற வேறொன்று வாங்கக் கிளம்பினார்.