பழகின ரோடு

"போர்டு அவ்வளவு பெருசா நிக்குது! ஆஸ்பத்திரிக்கு வலதுன்னு அம்பு போட்டிருக்கு. நீ பாட்டுக்கு இடது பக்கம் திருப்புறியே, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அப்பா போட்ட சத்தத்தில் அம்மா காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். பழக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேரைப் படிச்சேங்க. அம்பைக் கவனிக்கலை."

"கத்துக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதே பாட்டுதான். எடு வண்டியை!"

பின் சீட்டில் இருந்த மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லீவுக்கு வந்ததிலிருந்து தினமும் இதே கூத்து.

வீடு வந்ததும் அம்மா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் அப்பாவை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, இந்த வயசுல ஆசைப்பட்டுக் கத்துக்கிறாங்க. நடுத்தெருவுல வெச்சு இப்படியா மானத்தை வாங்குவீங்க?"

அப்பா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"உங்கம்மா எப்பவோ கத்துக்கிட்டாம்மா. என்னைவிட நல்லாவே ஓட்டுவா."

"அப்புறம்?"

"எனக்குத்தான் போர்டுல இருக்கிற எழுத்து கண்ணுக்குத் தெரியறதில்லை. கிட்டத்துல வந்தாக்கூட ஏதோ ஒரு தகடு நிக்குது, அவ்வளவுதான். யார்கிட்டயும் மூச்சு விடலை. அவ எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டா. 'இனிமே நீங்க ஓட்டாதீங்க'ன்னு சொல்ல அவளுக்கு வாய் வரலை. 'எனக்குக் கத்துக் குடுங்க'ன்னு வந்து நின்னா."

"அப்போ தினமும் ஏம்ப்பா தப்பாத் திருப்புறாங்க?" என்றாள் மகள்.

"புது ரோட்டுல போறப்போ பாரு. ஒரு போர்டைத் தவற விடமாட்டா. கண்ணை மூடிக்கிட்டு நான் வழி சொல்ற ரோடு இருக்கே, அங்கேதான் தப்புத் தப்பாத் திருப்புவா. நான் திருத்தணுமாம்."

"இவ்வளவு தெரிஞ்சுமாப்பா அவங்களை அப்படித் திட்டுறீங்க?"

அப்பா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் செய்யறது சரியா தப்பான்னு எனக்கே பிடிபடலை. ஆனா, திட்டாம விட்டா, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமேம்மா."