டிரம்முக்குள் ஒரு பல்பு

அவன் பிளேடை வைத்த இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்தாள்.

"கைய எடுங்கக்கா. சின்ன ஓட்டதான்."

எடுக்கவில்லை.

பிளேடு வைத்திருந்தவன் தணிகை. மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவன் பொறுப்பு. நல்லவன்தான். பேஸ் டிரம் என்றால் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம். அவனுக்குத் தெரிந்த பேஸ் டிரம் எல்லாவற்றுக்கும் முன்பக்கம் ஓட்டை இருக்கும். உள்ளே ஒரு தலையணை திணித்திருக்கும். தலையணை மேல் மைக் படுத்திருக்கும்.

இது அந்த டிரம் இல்லை.

இதற்குக் கிட்டத்தட்ட நூறு வயது. பக்கத்தில் நின்றால் தொடைவரை வரும். இரண்டு பக்கமும் கன்றுத்தோல். முன்பக்கத் தோலில் எவரோ ஓர் ஏரியும் நிலாவும் வரைந்திருந்தார். நிலா கொஞ்சம் கோணல். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது என்று விற்றவர் சொன்னார். அவள் அவரை நம்பவில்லை. ஒரு தடவை தட்டிப் பார்த்தாள், டிரம்மை நம்பினாள்.

அதற்குள் ஒரு குண்டு பல்பு எரியும்.

எரிந்தாக வேண்டும். மழை நாளில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். பல்பின் சூடுதான் அதை விறைப்பாக வைத்திருக்கும். அந்தக் காலத்து ஜாஸ் டிரம்மர்கள் கண்டுபிடித்த வழி.

தணிகை அதை அழகுக்கு என்று நினைத்துவிட்டான். மேடையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் பல்பைப் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரைச் செருகினான்.

வெளியே ஐப்பசி மழை. பெரம்பூரே ஊறிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்து பெடலை ஒரு மிதி மிதித்தாள். ஈரத்துணி மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

இசைக்குழுவின் தலைவர் நார்பர்ட் டிரம்பெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"செத்துப்போச்சும்மா இது. ஓட்ட போட்டு மைக் வெக்கட்டும். இல்லியா, எலக்ட்ரானிக் பேட் வண்டியில இருக்கு, கெவின் வாசிப்பான். நீ கெளம்பிடலாம். மைக் இல்லாம கடைசி வரிசைக்கு ஒண்ணுமே கேக்காது."

அதைக் கேட்டுத்தான் தணிகை பிளேடை எடுத்தான். ஹாலில் ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. இந்தக் குழுவில் அவளுக்கு இதுதான் முதல் மேடை. இரண்டாவது உண்டா இல்லையா என்பது இப்போது அவள் கையில்தான் இருந்தது.

அவளுக்குப் பிடிவாதம் அதிகம் என்று சொல்பவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள்.

டிரம் தோலிலிருந்து கையை எடுத்தாள். குனிந்தாள். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பல்பைச் செருகினாள்.

ஸ்பீக்கர்கள் டொப்பென்று அடங்கின. ஏரி மஞ்சளாக ஒளிர்ந்தது. முன்வரிசையில் யாரோ "ஐ" என்றார்கள்.

"என்னம்மா பண்ற நீ?"

"கொஞ்சம் இருங்க அங்கிள், தோல் காயட்டும். அப்புறம் இது கேக்கிற அளவுக்கு நீங்க எல்லாரும் மெதுவா வாசிங்க."

நார்பர்ட் டிரம்பெட்டை அக்குளிலிருந்து உருவினார். நாற்பது வருடமாக மேடையேறுகிறார். யாரும் அவரை மெதுவாக வாசிக்கச் சொன்னதில்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பயமாகத்தான் இருந்தது. நன்றாகவே பயமாக இருந்தது. பயந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கூட்டம் சலசலத்தது. ஒருவர் விசிலடித்தார். ஒருவர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

கெவின் எலக்ட்ரானிக் பேடைத் தூக்கிக்கொண்டு மேடையேறினான். ஒயரை நீட்டிப் பிளக் தேடினான். கிடைத்த ஒன்றிலும் பல்பு. அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பேடை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

அவள் கட்டைவிரலால் தோலை அழுத்தினாள். அழுந்தியது. இன்னும் கொஞ்ச நேரம். மறுபடி அழுத்தினாள். தோல் விரலைத் திருப்பித் தள்ளியது.

யாரையும் கேட்காமல் ஆரம்பித்தாள்.

இன்றைய டிரம்மர்கள் தாளத்தைப் பெரிய சிம்பல் தட்டில் வைப்பார்கள். முதல் ஜாஸ்காரர்கள் மடிக்கு முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்நேரில் வைத்தார்கள். குச்சியைத் தோலில் அழுத்தினால் அது தானாகத் துடிக்கும். துடிப்பு அடங்குமுன் அடுத்த கை. வலது, இடது, வலது. நடுவே, பெரிய டிரம் மேல் பொருத்திய மரக்கட்டையில் ஒரு டொக். கால் பெரிய டிரம்மை அடிக்கவில்லை, தொட்டுத் தொட்டு எடுத்தது. மைக் என்ற ஒன்று மேடைக்கு வருமுன்பே இதை வைத்துத்தான் ஹால் ஹாலாக ஆட வைத்தார்கள்.

"கேக்கல!" பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் நிமிரவில்லை.

"சத்தமா அடிங்க!"

அடிக்கவில்லை. அதே சத்தம். அதே நடை.

நார்பர்ட் டிரம்பெட்டை வாயருகே கொண்டுபோனார். இறக்கினார்.

கடைசி வரிசை மொத்தமாக எழுந்தது.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். போகிறார்கள். போகட்டும். போகிறவர்களுக்காகக் கையைக் கனமாக்க அவளால் முடியாது.

நாற்காலிக் கால்கள் தரையில் இழுபட்டன. ஒன்று, பிறகு பல. அந்த இரைச்சலில் அவள் வாசிப்பது அவளுக்கே கேட்கவில்லை.

இரைச்சல் வாசல் பக்கம் போகவில்லை. மேடைப் பக்கம் வந்தது.

அவள் சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.