இரண்டு பெனால்டி

தொம்... தொம்...

மில் சங்கு ஊதி அரை மணி கழிந்தால், மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும். வெறுங்கால் தோல் பந்தில் படுகிற சத்தம். அன்னக்கொடி அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே, பதினோரு பேரில் தன் புருஷன் காளையின் கால் எது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கால் பட்டால் பந்து கொஞ்சம் தாமதித்துப் பேசும்.

நாலு மாதமாகச் சத்தம் இருக்கிறது. அதில் காளையின் கால் இல்லை.

சித்திரையில், மதுரைத் தமுக்கம் மைதானத்தில், மில்களுக்கிடையே நடந்த ஷீல்டு ஆட்டத்தின் இறுதிப் போட்டி. கடைசி நிமிஷத்தில் கிடைத்த பெனால்டியைக் காளை கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான். தலை குனிந்து வெளியே வந்தவன் காலடியில், ஊரே பார்க்கக் காறித் துப்பினார் ஃபிட்டர் காசிமாயன்.

"கைப்பிள்ளைகூட அடிச்சிருக்கும்டா!"

அதற்குப் பிறகு காளை மைதானம் பக்கம் போகவில்லை. வீட்டிலும் பேச்சில்லை. "சோறு", "தண்ணி" என்று இரண்டு வார்த்தைதான். பம்பாய் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டதும் பேர் கொடுத்துவிட்டு வந்தான்.

"நானும் வாரேன்" என்று அன்னக்கொடி சொல்லிப் பார்த்தாள். அவன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான்.

இன்று ராத்திரி ரயில். தகரப் பெட்டி வாசலருகே தயாராக இருந்தது.

எதிரே சோணையின் டீக்கடை. காலை ஷிப்டுக்கு முன்னால் காசிமாயன் அங்கே உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார், மற்றவர்கள் டீயை ஆற்றிக்கொண்டு கேட்பார்கள். லண்டனில் ஒலிம்பிக் ஆரம்பித்ததிலிருந்து வாசிப்பு கொஞ்சம், அபிப்பிராயம் அதிகம்.

"நம்ம ஆளுக வெறுங்கால்லதான் ஆடுறாங்க. பூட்ஸ் எதுக்குங்கிறேன்? தோலும் தோலும் பேசிக்கிற விளையாட்டுடா இது. நடுவுல செருப்புக்கு என்ன வேலை?"

"வெள்ளைக்காரன் மிதிச்சா விரல் நசுங்கிறாதாண்ணே?" என்பான் சோணை.

"மிதிக்க விட்டாத்தானே! சுதந்திரம் வாங்கி ஒரு வருசம் ஆகப்போகுது, இன்னும் மிதிபடுற பேச்சே பேசு!"

இன்று அவர் பேப்பரைப் பிரித்ததும் கடையே அவர் பக்கம் குனிந்தது.

"பிரான்ஸ்காரன் ரெண்டு. நாம ஒண்ணு. போச்சு!"

"எப்படிண்ணே?"

"பெனால்டி கெடச்சிருக்கு. விட்டுட்டான்."

அன்னக்கொடி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காளை அசையவில்லை.

"ஒண்ணு இல்லடா, ரெண்டு! ரெண்டு பெனால்டியும் போச்சு!"

காசிமாயனின் குரல் வழக்கத்தைவிட ஓங்கி, தெருவைத் தாண்டி, நேராக இந்த வீட்டைப் பார்த்தே வந்தது. இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா? புறப்படுகிறவனை இன்னொரு தடவை துப்பித்தான் அனுப்ப வேண்டுமா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அன்னக்கொடி தெருவில் இறங்கினாள்.

"எருமைமாட்டுப் பயலுக!" என்றான் கடையில் ஒருத்தன்.

"வாய மூடுறா. முழுசாக் கேளு" என்றார் காசிமாயன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "மழை பெஞ்சு தரையெல்லாம் சகதியாம். பந்து தண்ணியக் குடிச்சுப் பூசணிக்கா கணக்கா கனத்துப் போச்சாம். அதை எவன் அடிச்சாலும் போகாது. ஆட்டம் முடிஞ்சதும் கூட ஆடுனவங்க பத்துப் பேரும் அந்த ஆளைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாங்களாம். அடுத்த ஆட்டத்துலயும் நீதாம்ப்பா அடிக்கணும்னாங்களாம். பேப்பர்ல போட்டிருக்கான்ல!"

பாதித் தெருவில் அன்னக்கொடி நின்றுவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, நாலு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்த குரல் வந்தது.

"ரெண்டுமா மச்சான்?"

காளை நிலைப்படியில் நின்றிருந்தான்.

"ரெண்டும்தான் மாப்ள. நீ பரவால்ல, ஒண்ணோட நிறுத்திக்கிட்ட!"

கடை சிரித்தது. கொஞ்சம் பொறுத்துக் காளையும் சிரித்தான். தகரப் பெட்டியைக் காலாலேயே வீட்டுக்குள் தள்ளிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனான்.

சங்கு ஊதியது. மற்றவர்கள் எழுந்து மில்லுக்கு நடக்க, காசிமாயன் டீக்காசு கொடுக்க நின்றார். அன்னக்கொடி அஞ்சாம் வகுப்புவரை படித்தவள். கடைக்கு வந்து, பெஞ்சில் கிடந்த பேப்பரை எடுத்து எழுத்துக் கூட்டினாள். பந்தாட்டச் சேதி இரண்டே வரி. இந்தியா ஒன்று, பிரான்ஸ் இரண்டு. இந்தியா இரு பெனால்டிகளைத் தவறவிட்டது.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

"மழை எங்கண்ணே இருக்கு? தோள்ல தூக்குனது எங்க?"

காசிமாயன் அவள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"சத்தம் போடாத தாயி. மாப்ள காதுல விழுந்துறப் போகுது."

"அன்னிக்குத் துப்புனதும் நீங்கதானேண்ணே?"

"நாந்தான்."

பேப்பரை வாங்கி மடித்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார்.

"வீட்டுக்குப் போனப்புறந்தான் ஒறைச்சுச்சு, இது ரெண்டாந்தடவைன்னு. மொதத் தடவை எந்தம்பி மலையாண்டியப் பாத்துத் துப்புனேன். அவனும் இதே ஷீல்டுலதான் விட்டான். மறுவாரமே ரங்கூனுக்குக் கப்பல் ஏறிட்டான்."

"இப்ப எங்க இருக்காருண்ணே?"

"ஷிப்டுக்கு நேரமாச்சு தாயி. போறேன்" என்று காசிமாயன் நடந்தார்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, கால்நடையாக ஊருக்குக் கிளம்பிய கூட்டத்தில் மலையாண்டியும் இருந்தான். மதுரைக்கு வந்து சேரவில்லை.