பொய் வெடிப்பு

தொலைதூரக் கேலக்ஸி ஒன்றின் நடுவிலிருந்து பீறிடும் காமா கதிர்களைக் கண்காணிப்பது அவள் வேலை. கண்காணிப்பவர்கள் அசந்துவிடாமலிருக்க, பதிவில் அவ்வப்போது ரகசியமாக ஒரு பொய் வெடிப்பைச் சேர்ப்பது அவள் கணவனின் வேலையாக இருந்தது. வீட்டுக் கதவைத் தட்டுவதுபோலவே சேர்ப்பான்: திரையின் வரைகோட்டில் இரண்டு சின்ன மேடுகள், பிறகு ஒரு பெரிய மேடு. அவன் இறந்த பின் அந்த வேலைக்கு யாரையும் போடவில்லை.

இன்று மதியம் திரையில் இரண்டு சின்ன மேடுகள் எழுந்தன. பிறகு பெரியது.

"யாருடா விளையாடுறது?"

"நான் இல்ல அண்ணி. உங்ககிட்ட விளையாட எனக்கு எத்தனை உசிரு இருக்கு?" என்றான் பக்கத்து மேசைக்காரன். வேறொரு கண்டத்து ஆய்வகத்துக்கு போன் போட்டுக் கேட்டான். "அங்கேயும் தெரியுதாம். நிஜம்தான். கிளம்பி நூறு கோடி வருஷம் ஆன வெளிச்சம்."

அவள் திரையையே பார்த்தாள்.

"சொல்லுங்க அண்ணி, நிஜம்னு அறிவிச்சிடலாமா? இல்ல, நீங்க பொய்ங்கிறீங்களா?"

பொய் என்று அவள் கண்டுபிடித்துச் சொன்ன மறுகணமே கணவன் சிரித்துக்கொண்டு அதை அழித்துவிடுவது வழக்கம்.

அவள் வாயைத் திறக்கவில்லை. பெரிய மேடு இறங்காமல் நின்றது.