ஊதக் கூச்சப்பட்ட ஹாரன்

பரணில் கிடந்த ஐஸ் பெட்டி, பக்கத்திலிருந்த ரப்பர் ஹாரனைச் சீண்டியது. "ஐஸ் வண்டி போட்ட புதுசுல ஊதவே மாட்டேன்னு அடம்பிடிச்சியே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம இருக்குமா? நம்ம பெருமையை நாமே தெருத்தெருவா ஊதுறதான்னு ஒரே கூச்சம். ருசி நல்லா இருந்தா தேடி வருவாங்கன்னு நெனச்சேன்."

"மொத நாலு நாளும் என் வயித்துல சேமியா ஐஸ் கரைஞ்சு பாயசமாச்சு. அஞ்சாம் நாள் நான் கெஞ்சினதும், பூனை தும்மின மாதிரி ஒரு 'பாம்' சொன்னே."

ஹாரன் சிரித்தது. "அதுக்கே மாசமா இருந்த ஒருத்தி டம்ளரோட மூச்சிரைக்க வந்தாளே!"

"வந்ததும் என்ன சொன்னா? 'நாலு நாளா ஐஸுக்கு நாக்கு ஏங்குது, இந்தத் தெருவுக்கு ஒரு வண்டிகூட வரலையே'ன்னா."



"நாலு நாளும் அவ வாசலைத் தாண்டித்தானே போனோம்" என்றது ஹாரன்.