பச்சை உடுப்புக்காரன்

“அந்த ஆளு இன்னும் தெரியறாரு, தர்சினி,” என்றான் மேற்பார்வையாளன் தனேஷ்.

சிட்னி ஸ்டூடியோவில் தர்சினிக்கு அழிக்கும் வேலை. முகம்வரை பச்சை உடுப்பால் மூடிக்கொண்டு டிராகன் பொம்மையை ஆட்டியவர்களைக் கணினியில் அழித்துவிட்டால், டிராகன் தானாகப் பறக்கும்.

இந்தக் காட்சியில் ஒருவனின் முகத்துணி நழுவிவிட்டது. அவன் கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

“நல்லா சிரிக்கிறாரு. யாரு?” என்று கேட்டான் தனேஷ்.

“டிராகன்ரை கழுத்தை ஆட்டினவர்.”

மாலைக்குள் அவனுடைய கைகள் போயின, தோள் போனது, கடைசியாகச் சிரிப்பும் போனது.

“சுத்தமா இருக்கு. அங்க ஒரு ஆள் நின்ன மாதிரியே தெரியல,” என்றான் தனேஷ்.

படம் எதுவும் வெளியே போய்விடக் கூடாதென்று கைபேசியைக் காலையிலேயே வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அதைத் திரும்ப வாங்கியதும் மாமியார் அழைத்தார்.

“பிள்ளை, அருந்தவன் செத்து முப்பத்தோராம் நாள் வருது, அந்தியேட்டி நினைவு மலருக்கு அவன்ரை படம் கேக்கினம். என்ரை பிள்ளை எல்லாப் படத்திலையும் முறைச்சுக்கொண்டுதான் நிக்கிறான். சிரிச்ச படம் ஒண்டும் உன்னட்டை இல்லையே?”

“ஒண்டு இருந்தது மாமி,” என்றாள் தர்சினி. “இப்பத்தான் அழிச்சுப்போட்டு வாறன்.”