சாவி அவள் கையில்

வழியில் கொதித்து நின்ற காரின் பானட்டுக்குள் ஆவி இன்னும் அடங்கவில்லை. "எஞ்சின் அணைச்சாச்சு, சாவி எங்கிட்டதான் இருக்கு. தைரியமா கைய விடுங்க," என்கிறாள் மனைவி. ரேடியேட்டருக்குப் பின்னால் ஓடாமல் நிற்கும் விசிறியின் இறக்கையைக் கணவன் விரலால் தள்ளிப் பார்க்கிறான். அது சோம்பலாய் அசைந்து நிற்கிறது. "மோட்டார் மண்டையப் போட்டுடுச்சு போல," என்றபடி, பக்கத்தில் தளர்ந்து தொங்கும் வயர் முனையை அழுத்திச் செருகிவிட்டு, மூக்கு நுனி வேர்வையைத் துடைக்கக் கையை எடுக்கிறான். விசிறி உறுமிக்கொண்டு சுழல்கிறது. உள்ளே கிடந்த துடைக்கும் துணி நார்நாராய்ப் பறக்கிறது. எஞ்சின் கொதித்தால் இந்த விசிறிக்குச் சாவியே வேண்டாம், பேட்டரி போதும் என்பது இருவருக்கும் இப்போதுதான் உறைக்கிறது. அவன் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கிறான். சாவியின் பற்கள் அவள் உள்ளங்கையில் பதிய, "நான்தானே கைய விடச் சொன்னேன்," என்கிறாள். விசிறிச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.